20 நிமிடத்தில் லிஸ்பன்!

வாசகர் கேள்வி–பதில்

எல்லோரும் விடுமுறைக்கு டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவுக்குள் ஊர்விட்டு ஊர் பறப்பதைப் பற்றித்தான்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், ஏன் கணக்கு இடிக்கிறது. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: மாட்ரிட்டில் இருந்து லிஸ்பனுக்கு விமானம் தேடினேன். காலை 10 மணிக்குக் கிளம்பி 10.20-க்குப் போய்ச் சேர்கிறதாம். திரும்பி வருவதற்கு மட்டும் 2 மணி 20 நிமிடம் ஆகிறது. எது சரி? (மாட்ரிட் வாசகர்)

ப: இரண்டும் சரிதான், நீங்கள் கழித்த விதம்தான் இடிக்கிறது. டிக்கெட்டில் போடும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். புறப்படுவது மாட்ரிட் கடிகாரப்படி, சேர்வது லிஸ்பன் கடிகாரப்படி. போர்ச்சுகல் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் போகும்போது ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது, வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். பயணம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நியாயமாகப் பார்த்தால் இந்த ஒரு மணி வித்தியாசமே இருக்கக் கூடாது. மாட்ரிட் கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே இருக்கிற ஊர், லண்டனைவிடவும் மேற்கே. ஆனால் 1940-ல் ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தார்கள், உலகப் போர் முடிந்த பிறகும் பழையபடி திருப்பவே இல்லை. ஜூன் மாதத்தில் மாட்ரிட்டில் சூரியன் மறைய இரவு 9.45 ஆவது அதனால்தான். போர்ச்சுகலும் 1992-ல் அதே நேரத்துக்கு மாறிப் பார்த்தது, குளிர்காலத்தில் விடிவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்று எல்லோரும் சலித்துக்கொள்ள, 1996-ல் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. அந்த நாலு வருடத்தில் இந்த டிக்கெட்டை வாங்கியிருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர், விமான நிலையத்துக்கு விமான நிலையம் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல், சாலை வழியாகப் போனால் 620-ஐத் தாண்டும். இணையத்தில் மூன்று இடத்தில் மூன்று எண் பார்த்தால் குழம்ப வேண்டாம், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை அளந்திருக்கிறார்கள். அடுத்தது ரயிலைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அது ஒரு சோகக் கதை. இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே ஓடிய இரவு ரயில் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நின்றது, நின்றது நின்றதுதான். இப்போது ரயிலில்தான் போவேன் என்றால் எல்லைப் பக்கம் வண்டி மாறி மாறி ஒரு பகல் முழுவதும் போய்விடும். போர்ச்சுகலில் எவோராவுக்கும் எல்லையோர ஊரான எல்வாஸுக்கும் இடையே புதுப் பாதை போடுகிறார்கள், எல்லாம் ஒன்றோடொன்று சேரும்வரை விமானம்தான் வழி.

கே: விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். அப்படியானால் 500 கிலோமீட்டருக்கு 38 நிமிடம் போதுமே? மீதி 40 நிமிடம் எங்கே போகிறது? (வலென்சியா வாசகி)

ப: நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் கேட்டை விட்டு நகரத் தொடங்கும் கணத்தில் இருந்து, போய்ச் சேரும் ஊரில் கேட்டில் வந்து நிற்கும் கணம் வரை உள்ள மொத்த நேரம் அது. தொழிலில் இருப்பவர்கள் இதை பிளாக் டைம் என்பார்கள். பின்னால் தள்ளிவிடும் வண்டி வந்து தள்ளவேண்டும், இன்ஜின் போடவேண்டும், ஊர்ந்து ஊர்ந்து ரன்வே வரைக்கும் போகவேண்டும், அங்கே முன்னால் நாலு விமானம் நிற்கும். ஆம்ஸ்டர்டாமில் போல்டர்பான் என்று ஒரு ரன்வே இருக்கிறது, 2003-ல் திறந்தது. டெர்மினலில் இருந்து அவ்வளவு தள்ளி வயல்வெளிக்கு நடுவே இருப்பதால், அதில் இறங்கினால் நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தில் விமானம் உருண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். முதல் தடவை போகிறவர்கள் பைலட் வழி தவறிவிட்டார் என்றுகூட நினைப்பார்கள்.

சரி, மேலே ஏறியாயிற்று. உடனே 800 வந்துவிடுமா என்றால் வராது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர்தான் வரம்பு. அதற்கு மேலேதான் வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஏறவேண்டும். மாட்ரிட்–லிஸ்பன் மாதிரி குட்டிப் பயணத்தில், விமானம் உச்ச உயரத்தைத் தொடுவதற்குள்ளேயே 150, 200 கிலோமீட்டர் தாண்டிவிடும். இறங்குவதையும் போய்ச் சேருவதற்கு 200 கிலோமீட்டர் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். 500-ல் இந்த இரண்டையும் கழித்தால் முழு வேகத்தில் போவதற்கு என்ன மிச்சம்? பத்து நிமிடம் இருந்தால் அதிகம். காபி வண்டி உங்கள் வரிசைக்கு வருவதற்குள் சீட்டை நிமிர்த்தச் சொல்லிவிடுவது அதனால்தான், பணிப்பெண்ணைக் கோபித்துப் பயனில்லை.

அப்புறம் காற்று. காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏறுவதும் இறங்குவதும் நடக்கும். நீங்கள் மேற்கே போகவேண்டும், அன்றைக்கு ஏறுவதோ கிழக்குப் பார்த்து என்றால், ஏறியதும் ஒரு பெரிய திருப்பம் போட்டாகவேண்டும். இறங்கும் இடத்தில் கூட்டம் இருந்தால் வட்டமடிக்க வைப்பார்கள். லண்டன் ஹீத்ரோவுக்கு இதற்காகவே நகரைச் சுற்றி நான்கு இடங்கள் இருக்கின்றன: போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின். ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், அடியில் இருப்பது இறங்க இறங்க மேலே உள்ளவை ஒவ்வொரு படியாக இறங்கி வரும்.

கடைசியாக ஒரு தந்திரம். கால அட்டவணை போடும்போதே விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தே போடுகின்றன. 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் சரியான நேரம் என்பது இந்தத் துறையின் கணக்கு, அதில் பெயர் கெடக் கூடாதே! முக்கால் மணி நேரம் லேட்டாகக் கிளம்பிய விமானம் அரை மணி நேரம் மட்டும் லேட்டாக வந்து சேர்ந்தால் பைலட் அடித்து ஓட்டினார் என்று மகிழாதீர்கள், பாதி புண்ணியம் அட்டவணை எழுதியவருக்கு.

நீங்களே கணக்குப் போட ஒரு வழி வேண்டுமென்றால், தூரத்தை 800-ஆல் வகுத்து 40 நிமிடத்தைக் கூட்டுங்கள். பாரிஸ்–ரோம் 1,100 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் வரும். லண்டன்–ஏதென்ஸ் 2,400, மூன்று மணி 40 நிமிடம். லிஸ்பன்–ஹெல்சிங்கி கிட்டத்தட்ட 3,370, ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட்டோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும். ஜெட் விமானத்துக்குத்தான் இது. இறக்கையில் புரொப்பல்லர் சுற்றுகிற ஏடிஆர் வகை என்றால் வேகமே 500 பக்கம்தான், அதற்குத் தகுந்தபடி வகுத்துக்கொள்ளுங்கள்.

கே: லண்டனில் இருந்து ஏதென்ஸ் போகும்போது ஆவதைவிடத் திரும்பும்போது அதிக நேரம் ஆகிறது. பூமி சுழல்வதுதான் காரணம் என்கிறார் நண்பர். சரியா? (லண்டன் வாசகர்)

ப: பூமி சுழலும்போது அதன் மேல் இருக்கும் காற்றும் சேர்ந்தேதான் சுழல்கிறது, அதனால் நண்பர் சொல்வது மாதிரி சுழற்சி விமானத்தைத் தாமதப்படுத்துவதெல்லாம் கிடையாது. காரணம், மேலே ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பாயும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று. கிழக்கே போகும்போது ஆற்றோட்டத்தோடு போகும் படகு மாதிரி அது தள்ளிவிடும், மேற்கே வரும்போது எதிர்த்துக்கொண்டு வரவேண்டும். குளிர்காலத்தில் இது இன்னும் பலமாக இருக்கும். லண்டன்–ஏதென்ஸில் போக வர இருபது நிமிட வித்தியாசம் சாதாரணம். ஸ்டாக்ஹோம்–ரோம் மாதிரி வடக்கு தெற்காகப் போகும் பயணங்களில் இது அவ்வளவாகத் தெரியாது. பூமியின் சுழற்சிக்கு அந்தக் காற்று ஏன் கிழக்கு நோக்கி வீசுகிறது என்பதில் பங்கு உண்டு, அந்த அளவுக்கு உங்கள் நண்பரை விட்டுவிடலாம்.

கே: ஆஸ்லோவில் இருந்து ஹெல்சிங்கியும், இத்தாலியின் காலியரியில் இருந்து ஏதென்ஸும் வரைபடத்தில் ஒரே தூரம்போலத் தெரிகிறது. டிக்கெட்டில் நேரம் ஏன் இவ்வளவு மாறுகிறது? (பெர்கன் வாசகர்)

ப: ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், பாராட்டுகள். நாம் வழக்கமாகப் பார்க்கும் தட்டை வரைபடம் வடக்கே போகப் போக நிலத்தை இழுத்துக் காட்டும். கிழக்கு மேற்காக ஒரு பாகை என்பது நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர், ஆஸ்லோவும் ஹெல்சிங்கியும் இருக்கிற 60 பாகை வடக்கில் அதில் சரிபாதி. அதனால் இரண்டு ஜோடி ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 14 பாகைதான் என்றாலும் ஆஸ்லோ–ஹெல்சிங்கி 800 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், காலியரி–ஏதென்ஸ் 1,250-ஐத் தாண்டும். அதோடு காலியரியில் இருந்து எங்காவது விமானம் மாறித்தான் போகவேண்டியிருக்கும், நேரம் கூடுவதற்கு அது பெரிய காரணம். தூரம் பார்க்க ஒரு உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், பைலட் போகும் வழிக்கு அதுதான் கிட்டத்தில் வரும்.

கே: "பாரிஸ்" என்று போட்டு மலிவாக ஒரு டிக்கெட் இருக்கிறது, ஆனால் விமான நிலையத்தின் பெயர் போவே என்கிறது. எடுக்கலாமா? (டப்ளின் வாசகி)

ப: எடுக்கலாம், எங்கே இறங்குகிறோம் என்று தெரிந்து எடுங்கள். போவே பாரிஸில் இருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸில் நகருக்குள் வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும், டப்ளினில் இருந்து பறந்து வந்த நேரத்தோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள், பஸ் டிக்கெட் காசையும். பெயரில் மட்டும் பெரிய ஊரை ஒட்டவைத்துக்கொண்ட நிலையங்கள் இன்னும் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட் ஹான் அந்த நகரத்தில் இருந்து 120 கிலோமீட்டர், ஸ்டாக்ஹோம் ஸ்கவ்ஸ்டா 100 கிலோமீட்டர். இரவு 11 மணிக்கு இறங்கும் விமானம் என்றால் கடைசி பஸ் உண்டா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அந்நேரத்தில் டாக்ஸி பிடித்தால் மிச்சம் பிடித்தது மொத்தமும் அதற்கே போய்விடும்.

கே: லண்டன்–பாரிஸ் விமானமா, ரயிலா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (லண்டன் வாசகி)

ப: ரயில்.

ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் ஆசிரியர் கோபிப்பார், காரணத்தையும் சொல்கிறேன். ஹீத்ரோவில் இருந்து பாரிஸின் சார்ல் டி கோல் விமான நிலையம் 350 கிலோமீட்டர், காற்றில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் பக்கம். ரயில் 2 மணி 20 நிமிடம். பார்த்தால் விமானம்தான் ஜெயிக்கும். ஆனால் ரயில் லண்டனுக்கு நடுவே செயின்ட் பேங்க்ராஸில் கிளம்பி பாரிஸுக்கு நடுவே கார் து நோரில் நிற்கிறது. விமானத்துக்கு ஊருக்கு வெளியே போய், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, அந்தப் பக்கம் இறங்கிப் பாஸ்போர்ட் வரிசையில் நின்று, மறுபடி ஊருக்குள் வரவேண்டும். ரயிலில் இங்கிலாந்துச் சோதனை, பிரான்ஸ் சோதனை இரண்டையும் ஏறுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவார்கள், பாரிஸில் இறங்கியதும் நேரே தெருவுக்குப் போய்விடலாம். அந்த வரிசை நீளம்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போகவேண்டும், அதையும் சேர்த்துப் பார்த்தாலும் ரயில்தான்.

கடலுக்கு அடியில் எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு: இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே இந்த ரயில் போகும், 1994-ல் திறந்த சுரங்கம் 50 கிலோமீட்டர், மற்ற இடங்களில் 300-ல் பறக்கும் ரயில் இதற்குள் 160-க்கு இறங்கிவிடும், இருபது நிமிடத்தில் வெளிச்சம் வந்துவிடும். ஜன்னலில் உங்கள் முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. விமானத்தில்தான் போகவேண்டும் என்று ஒரே ஒரு நிலையில் சொல்வேன்: பாரிஸில் இறங்கி அங்கிருந்து வேறு விமானம் பிடிக்கிறவர்கள். அவர்கள் ரயிலில் போய் ஊரைக் கடந்து விமான நிலையத்துக்கு ஓடுவது வீண் வேலை.

கே: ரோமில் இருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக லண்டனுக்கு ஒரே டிக்கெட் எடுத்திருக்கிறேன். லேட் ஆனால் நஷ்டஈடு தூரத்தைப் பொறுத்து என்கிறார்கள். இரண்டு பயணத்தையும் கூட்டினால் 1,600-க்கு மேல் வருகிறது, எனக்கு 400 யூரோ கிடைக்குமா? (ரோம் வாசகர்)

ப: கிடைக்காது, 250-தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிப்படி 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, ஒன்றியத்துக்கு வெளியே போகும் இன்னும் தூரமான பயணத்துக்கு 600. சேருமிடத்துக்குப் போகும்போது மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகியிருக்கவேண்டும். ஆனால் தூரத்தை எப்படி அளப்பது என்பதில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். எத்தனை ஊரில் மாறினாலும் முதல் ஊரில் இருந்து கடைசி ஊருக்கு உருண்டைக் கணக்கில் நேர்த்தூரம்தான் எடுக்கவேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. ரோம்–லண்டன் நேராக 1,440 கிலோமீட்டர் பக்கம். அறுபது கிலோமீட்டர் கூடுதலாக இருந்திருந்தால் 150 யூரோ அதிகம், என்ன செய்வது!

உங்களுக்குச் சாதகமான இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது. விமானம் எப்போது "வந்து சேர்ந்தது"? சக்கரம் தரையைத் தொட்டதும் என்று விமான நிறுவனம் சொல்லிப் பார்த்தது. 2014-ல் அதே நீதிமன்றம், குறைந்தது ஒரு கதவாவது திறந்து பயணிகள் வெளியே போகலாம் என்ற நிலை வரும்வரை சேர்ந்ததாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. 2 மணி 58 நிமிடத்தில் தரையிறங்கி, கதவு திறக்க 3 மணி 3 நிமிடம் ஆனால் பணம் உண்டு. ஆகவே லேட்டானால் எழுந்து நின்று பையைத் தேடுவதை விட்டுவிட்டு, கதவு திறக்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள், ஃபோனில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. புயல், விமானக் கட்டுப்பாட்டு ஊழியர் வேலைநிறுத்தம் மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் இந்தப் பணம் வராது, அப்போதும் சாப்பாடும் தேவைப்பட்டால் தங்குமிடமும் கொடுத்தாகவேண்டும். இரண்டு பயணத்தையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் இந்த மொத்தக் கணக்கும் செல்லாது, நீங்கள் ஒரே டிக்கெட்டாக எடுத்தது புத்திசாலித்தனம்.

கே: லண்டனுக்கும் இஸ்தான்புலுக்கும் நேர வித்தியாசம் இரண்டு மணியா, மூன்று மணியா? இரண்டு விதமாகவும் பார்த்தேன். (இஸ்தான்புல் வாசகி)

ப: கோடையில் இரண்டு, குளிர்காலத்தில் மூன்று. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுவதால் அவற்றுக்குள் வித்தியாசம் மாறாது. துருக்கி 2016-ல் இருந்து மாற்றுவதை நிறுத்திவிட்டது. ஐஸ்லாந்தும் மாற்றுவதில்லை, லண்டனும் ரெய்க்யாவிக்கும் குளிர்காலத்தில் ஒரே நேரம், கோடையில் ஒரு மணி வித்தியாசம்.

கே: ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த தூர விமானப் பயணம் எது? மிக அருகே இருக்கும் இரண்டு தலைநகரங்களுக்கு இடையே விமானம் உண்டா? (வியன்னா வாசகர்)

ப: ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். நடுவே 2.7 கிலோமீட்டர். ஐரோப்பாவில் மட்டும் இல்லை, அட்டவணை போட்டு ஓடும் விமானப் பயணங்களில் உலகத்திலேயே குறைந்தது இதுதான். அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று சாதகமாக இருந்த ஒரு நாள் 53 நொடியில் முடித்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன 40 நிமிடக் கணக்கை இங்கே போட்டுவிடாதீர்கள்.

தலைநகரங்கள் என்றால், ரோமும் வத்திக்கானும் ஒரே ஊருக்குள் இருப்பதால் அதை விட்டுவிடலாம், அடுத்து உங்கள் ஊர்தான் வரும். வியன்னாவில் இருந்து பிராட்டிஸ்லாவா சுமார் 55 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரம், யாரும் விமானம் விடுவதில்லை. ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் நடுவே 80 கிலோமீட்டர் கடல் இருப்பதால் அங்கே விமானம் உண்டு, அரை மணி நேரம்தான், ஆனால் பெரும்பாலானோர் இரண்டு மணி நேரக் கப்பலில்தான் போகிறார்கள். உங்களுக்கு உபயோகமான செய்தி வேறு: வியன்னாவுக்கு விமானம் விலை அதிகமாக இருக்கும் நாட்களில் பிராட்டிஸ்லாவாவுக்கும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். அங்கே இறங்கி பஸ் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வியன்னா வந்துவிடலாம்.